ரிமோட் மக்கர் செய்கிறதா? கடைக்குப் போகுமுன் கேமராவை எடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய மறுநாளிலிருந்து, வீட்டில் பிளக் வைத்த எல்லாப் பொருளுக்கும் நீங்கள்தான் டாக்டர். மிக்ஸி ஓடவில்லை என்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இன்வெர்ட்டர் கத்தினாலும் உங்களைத்தான். அந்த வரிசையில் அடிக்கடி வரும் நோயாளி டிவி ரிமோட். கம்ப்யூட்டர் பத்திரிகையில் ரிமோட் பற்றி எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் புதிய லேப்டாப்பின் வெப்கேமைக் கொண்டே ரிமோட்டைச் சோதித்துப் பார்க்க முடியும். அதைத் தெரிந்து கொள்ளாமல் நான் பணத்தை வீணாக்கியதால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெற்றோர் இருப்பது மன்னார்குடியில். நான் வேலை பார்ப்பது சென்னையில். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். வாக்கர் இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பகலில் பேப்பர், சாயங்காலம் டிவி. இவைதான் அவருடைய உலகம். ஒரு நாள் அம்மாவிடமிருந்து போன். "ரிமோட் வேலை செய்யலைடி. புது செல் போட்டாச்சு. அப்பவும் போகலை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கேள்வி கூடக் கேட்காமல், அந்த டிவி மாடலுக்கான ரிமோட்டை ஆன்லைனில் 350 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். வந்தது. அதுவும் வேலை செய்யவில்லை. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் சாயங்காலம் வந்து பார்த்தார். இரண்டு ரிமோட்டையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "டிவியில் போர்டு போயிருக்கு. மாத்தணும்னா 4,800 ரூபாய் ஆகும்" என்றார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு ரிமோட்டும் ஒரே நேரத்தில் கெட்டுப் போகுமா என்ன? நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம், டிவியின் அடியில் இருக்கும் பட்டனை அழுத்துவதற்காக அப்பா வாக்கர் இல்லாமல் எழுந்திருக்கிறார். கால் தடுமாறி, டீப்பாயைப் பிடித்துக் கொண்டு தப்பித்திருக்கிறார். அந்தச் செய்தி கேட்ட பிறகுதான் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன்.

ரிமோட்டுக்குள் என்ன நடக்கிறது?

கோளாறு தேடுவதற்கு முன் ரிமோட் எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் பார்த்து விடுவோம். ரிமோட்டின் முனையில் சின்னக் கண்ணாடி மணி போல இருப்பது ஓர் எல்.இ.டி. அதிலிருந்து வருவது அகச்சிவப்புக் கதிர், அதாவது இன்ஃப்ரா ரெட். இதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். மனிதக் கண் சிவப்பு நிறத்தோடு, சுமார் 700 நானோமீட்டரில், ஏறக்குறைய நின்று விடுகிறது. அதனால்தான் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

அந்த வெளிச்சம் சும்மா எரிவதில்லை. பெரும்பாலான ரிமோட்களில் விநாடிக்கு 38,000 முறை அணைந்து எரிகிறது. இந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதன் மூலம், எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்ற செய்தி போகிறது. டிவியின் முகப்பில் மூன்று கால் கொண்ட ஒரு சின்ன ரிசீவர் இருக்கும். வெயில், பல்பு, அடுப்பு என்று எல்லாமே இன்ஃப்ரா ரெட் கதிரைக் கொட்டுகின்றன. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் பிடிப்பதுதான் அந்த ரிசீவரின் வேலை. கல்லூரி புராஜெக்டில் டிசாப் 1738 என்ற ரிசீவரை நான் கையாண்டிருக்கிறேன். அதன் பெயரில் கடைசியில் வரும் 38, இந்த 38தான்.

ஆக, சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மூன்று. அனுப்பும் ரிமோட், வாங்கும் டிவி, இரண்டுக்கும் நடுவே இருக்கும் காற்றுவெளி. முதல் இரண்டும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மூன்றாவதை நான் மறந்தேன், மெக்கானிக்கும் மறந்தார்.

கேமரா காட்டிக் கொடுக்கும்

முதலில் ரிமோட்டிலிருந்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர், பல கேமராக்களின் கண்ணுக்குத் தெரியும். லேப்டாப்பில் கேமரா அப்ளிகேஷனைத் திறந்து கொள்ளுங்கள். அறையில் வெளிச்சத்தைக் குறைத்து விடுங்கள். ரிமோட்டின் முனையை வெப்கேமுக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்து, வால்யூம் பட்டனை அழுத்திக் கொண்டே இருங்கள். திரையில் ரிமோட்டின் முனை வெள்ளையாகவோ ஊதா நிறத்திலோ மினுக் மினுக்கென்று எரிந்தால், ரிமோட் உயிரோடு இருக்கிறது.

செல்போனிலும் பார்க்கலாம். ஆனால் பின்பக்கக் கேமராவை நம்ப வேண்டாம். இன்ஃப்ரா ரெட் கதிரைத் தடுக்கும் வடிகட்டி அதில் நன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். செல்ஃபி கேமராவில் தெரிய வாய்ப்பு அதிகம். எதில் பார்த்தாலும், முதலில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு ரிமோட்டை வைத்து, அந்தக் கேமராவுக்கு இந்த வெளிச்சம் தெரிகிறதா என்று உறுதி செய்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கேமராவின் குறையை ரிமோட்டின் தலையில் கட்டி விடுவீர்கள்.

வீட்டில் பழைய ஏ.எம். ரேடியோ இருக்கிறதா? ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, ரிமோட்டை அதன்மேல் ஒட்டினாற்போலப் பிடித்து அழுத்துங்கள். டர்ர் டர்ர் என்று சத்தம் வந்தால், உள்ளே சர்க்யூட் ஓடுகிறது என்று அர்த்தம். ரேடியோவில் சத்தம் வருகிறது, கேமராவில் வெளிச்சம் இல்லை என்றால், எல்.இ.டி. போயிருக்கும் அல்லது அதன் கால் சால்டரிங் விட்டிருக்கும்.

கேமரா சோதனையில் இன்னொன்றும் மாட்டும். எந்தப் பட்டனையும் தொடாமலே வெளிச்சம் துடித்துக் கொண்டிருந்தால், ஏதோ ஒரு பட்டன் உள்ளே அமுங்கி மாட்டிக் கொண்டிருக்கிறது. அப்படி இருந்தால் மற்ற பட்டன்கள் வேலை செய்யாது. புது செல்லும் சீக்கிரமே தீர்ந்து விடும். "மாதா மாதம் செல் மாத்த வேண்டியிருக்கு" என்று யாராவது சொன்னால் இதைச் சந்தேகப்படுங்கள்.

வெளிச்சமே வரவில்லை என்றால்

பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு செல்லையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்காதீர்கள். மல்ட்டிமீட்டரில் 1.4 வோல்ட் காட்டுகிறதே என்று ஏமாறவும் வேண்டாம். சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும் செல், எல்.இ.டி. எரியும் கணத்தில் கேட்கும் கரண்டைக் கொடுக்க முடியாமல் சரிந்து விடும். ஏசி ரிமோட்டில் இது இன்னும் குழப்பும். அதன் சின்னத் திரைக்கு மிகக் குறைந்த கரண்ட் போதும். எனவே 24 டிகிரி என்று பளிச்சென்று காட்டும், ஆனால் ஏசி அசையாது.

செல் வைக்கும் இடத்தில் வெள்ளைப் பொடியோ பச்சைத் துருவோ இருந்தால், செல் கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல்லாக இருந்தால் பட்ஸில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். சாதாரண செல் என்றால் ஈரத்துணியே போதும். எதுவானாலும் கையைக் கழுவிய பிறகு மற்ற வேலை. ஸ்பிரிங்கில் துரு இன்னும் ஒட்டிக் கொண்டிருந்தால் லேசாகச் சுரண்டலாம்.

புது செல் போட்டும் அசைவில்லையா? செல்லைக் கழற்றி விட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து விடும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். பிறகு செல்லைப் போட்டுப் பாருங்கள்.

ரிமோட் கீழே விழுந்த பிறகு செத்தது என்றால் கதை வேறு. பல ரிமோட்களில் 455 கிலோஹெர்ட்ஸ் ரெசனேட்டர் என்று ஒரு சின்னப் பொருள் உண்டு. அதன் துடிப்பைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் சுமார் 38 கிலோஹெர்ட்ஸ் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது பீங்கான். விழுந்தால் விரிசல் விடலாம். சால்டரிங் தெரிந்தவர் கையில் இது சின்ன வேலை. தெரியாதவர்கள் புது ரிமோட் வாங்குவதே மேல்.

சில பட்டன்கள் மட்டும் மக்கர்

வால்யூம் வேலை செய்கிறது, சேனல் மாறவில்லை. அல்லது கட்டை விரலால் நசுக்கினால்தான் கேட்கிறது. இது பெரும்பாலும் அழுக்குத்தான். ரிமோட்டின் பின்பக்கம் ஸ்க்ரூ இருந்தால் கழற்றுங்கள். பேட்டரி மூடிக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கும். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு நகர்த்தினால் இரண்டு பாதியும் பிரியும். உள்ளே ரப்பர் ஷீட்டின் அடியில், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். அது கார்பன். பட்டனை அழுத்தும்போது போர்டில் இருக்கும் இரண்டு தடங்களை இணைப்பது அதுதான். அங்கே எண்ணெய்ப் பசை படிந்தால் இணைப்பு கிடைக்காது. டிவி பார்த்துக் கொண்டே முறுக்கு சாப்பிடும் வீடுகளில் இது அதிகம்!

மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐ.பி.ஏ. திரவத்தைப் பட்ஸில் தொட்டு, பொட்டையும் போர்டையும் மென்மையாகத் துடையுங்கள். போர்டில் உள்ள கருப்புத் தடங்களும் கார்பன் மையால் ஆனவைதான். பிளேடு, உப்புக் காகிதம் கொண்டு தேய்த்தால் அழுக்கோடு தடமும் போய் விடும். கார்பன் பொட்டு தேய்ந்தே போயிருந்தால், அலுமினியம் ஃபாயிலை அதே அளவுக்கு வெட்டி, பொட்டின் மேல் பசையால் ஒட்டிப் பார்க்கலாம். அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

கேமராவுக்கும் தெரியாத ரிமோட்

இப்போது வரும் ஸ்மார்ட் டிவிகளில் மைக் பட்டன் உள்ள ரிமோட் இருந்தால், அது புளூடூத்தில் பேசுகிறது. கேமராவில் எதுவும் தெரியாமல் போகலாம். சில மாடல்களில் பவர் பட்டனுக்கு மட்டும் இன்ஃப்ரா ரெட் இருக்கும். டிவி ஆன் ஆகிறது, மற்றது ஒன்றும் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால், ரிமோட்டும் டிவியும் ஜோடி பிரிந்திருக்கும். மறுபடி இணைத்தால் போதும். ஃபயர் டிவி ஸ்டிக்கில் ஹோம் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்ற டிவிகளில் எந்தப் பட்டன்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடவே வந்த தாளில் பாருங்கள்.

ரிமோட் நன்றாக இருக்கிறது, டிவிதான் கேட்கவில்லை

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்தேன். பழைய ரிமோட், புது ரிமோட் இரண்டும் வெப்கேமில் ஜோராக மின்னின. டிவியை நோக்கி அழுத்தினேன். டிவி ஆன் ஆகிவிட்டது! வால்யூம் ஏறியது, இறங்கியது. பழைய ரிமோட்டும் வேலை செய்தது. "நீ வந்ததும் சரியாயிடுச்சே" என்றார் அம்மா. எனக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை. தானாகச் சரியான கோளாறு தானாகத் திரும்பியும் வரும்.

இதற்கிடையில் டிவி பக்கம் செய்யக் கூடியதை எல்லாம் செய்தேன். டிவியைச் சுவரில் பிளக்கிலிருந்தே கழற்றி, ஒரு நிமிடம் விட்டுப் போட்டேன். ரிசீவர் இருக்கும் இடத்தைத் துடைத்தேன். டிவிக்கு முன்னால் சவுண்ட் பார் இருந்தால் அது ரிசீவரை மறைக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது இல்லை. ரிமோட்டுக்குப் போட்டிருந்த பாலிதீன் கவரையும் கழற்றினேன். முனையில் அது மடிந்து பழுப்பேறியிருந்தது. அதுவும் கதிரை மங்கச் செய்யும். இன்ஃப்ரா ரெட் வசதி உள்ள செல்போன் யாரிடமாவது இருந்தால், அதையே ரிமோட்டாக்கி டிவியைச் சோதிக்கலாம். டிவியைத் திறக்கும் வேலை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

சாயங்காலம் ஆறு மணி. அம்மா சாமிக்கு விளக்கு ஏற்றிவிட்டு, ஹால் லைட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்பா ரிமோட்டை எடுத்தார். அழுத்தினார். டிவி அசையவில்லை.

லேப்டாப்பை எடுத்துப் பார்த்தேன். ரிமோட்டில் வெளிச்சம் வருகிறது. அப்போதுதான் அம்மா சாதாரணமாகச் சொன்னார். "அந்த செட்டாப் பாக்ஸ் ரிமோட்டும் இப்படித்தான் படுத்துது. விளக்கு வச்சதுக்கு அப்புறம்தான் ரெண்டுக்கும் கோளாறு."

இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். டிவி போர்டு கெட்டிருந்தால் செட்டாப் பாக்ஸ் ஏன் கேட்காமல் போகிறது? அது தனிப் பெட்டி, தனி ரிசீவர், தனி ரிமோட். இரண்டுக்கும் பொதுவானது நடுவில் இருக்கும் வெளி ஒன்றுதான்.

"அம்மா, அந்த லைட்டை அணைச்சுப் பாரும்மா" என்றேன். அணைத்தார். டிவி உடனே ஆன் ஆனது. போட்டார். மறுபடி செவிடு.

டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த எல்.இ.டி. பல்பு ஃபியூஸ் ஆனதும், பரணில் கிடந்த பழைய சி.எஃப்.எல். பல்பை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். சி.எஃப்.எல். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட், குழாயைப் பல ஆயிரம் முறை, பெரும்பாலும் 30 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரை துடிக்க வைத்து எரிக்கிறது. ரிசீவர் தேடும் 38 இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, சூடாகும் வரை முதல் சில நிமிடங்கள் இந்தக் குழாய் இன்ஃப்ரா ரெட் கதிரையும் கூடுதலாக வீசும். ரிசீவர் என்ன செய்யும்? ஓயாத இரைச்சல் கேட்டால் தன் காதைக் கொஞ்சம் மூடிக் கொள்ளும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். காதை மூடினால் ரிமோட்டின் குரலும் கேட்காது. லைட் போட்டவுடன் சுத்தமாகக் கேட்காது, கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே போய் அழுத்தினால் அரைகுறையாகக் கேட்கும் என்று அப்பா சொன்னதும் அப்படியே பொருந்தியது. மெக்கானிக் வந்ததும் லைட் போட்ட பிறகுதான்.

இது புதிய தொல்லையும் அல்ல. 1955ல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி, யூஜின் பாலி என்பவர் உருவாக்கிய ஃபிளாஷ்மேட்டிக் என்ற ரிமோட்டை விற்றது. டார்ச் போன்ற அதன் வெளிச்சத்தை டிவியின் மூலைகளில் அடித்தால் சேனல் மாறும். ஆனால் ஜன்னல் வெயில் பட்டாலும் டிவி தானாக இயங்கியது. மறு ஆண்டே அந்தக் கம்பெனி, ராபர்ட் அட்லர் வடிவமைத்த, மீயொலியில் வேலை செய்யும் ரிமோட்டுக்கு மாறி விட்டது. அதற்கு செல்லே தேவையில்லை. உள்ளே இருக்கும் அலுமினியக் கம்பியைச் சுத்தியல் தட்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் ரிமோட் சில நேரம் மட்டும் மக்கர் செய்கிறது என்றால், எந்த நேரம் என்று குறித்து வையுங்கள். டிவி மேல் நேர் வெயில் விழும் நேரமா, லைட் போட்ட நேரமா, கொலுவுக்கு சீரியல் லைட் மாட்டிய வாரமா என்று பாருங்கள். மலிவான சில எல்.இ.டி. விளக்குகளும் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாக அணைத்து அழுத்திப் பார்த்தால் குற்றவாளி மாட்டும்.

அன்றிரவே தெருமுனைக் கடையில் ஓர் எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டினேன். சி.எஃப்.எல். உள்ளே கொஞ்சம் பாதரசம் இருப்பதால் அதைக் குப்பையில் போடவில்லை. நன்றாக எரிகிற விளக்கு என்பதால் ரிமோட் எதுவும் இல்லாத மாடிப்படிக்கு மாற்றி விட்டேன். மெக்கானிக்குக் கொடுப்பதாக இருந்த 4,800 ரூபாயில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கைப்பிடி போட்டோம்.

நான் ஆர்டர் செய்த 350 ரூபாய் ரிமோட் ஷோகேஸில் இருக்கிறது. யாராவது வந்தால் அப்பா அதைக் காட்டி, "என் பொண்ணு நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சதுக்கு அத்தாட்சி" என்கிறார்.